பதினைந்து பேர் தேவை

மன நிம்மதியின் விலை மாதம் நானூற்று ஐம்பது வெள்ளி. தண்ணீரும் மின்சாரமும் தனி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வரிசை வீட்டுக்கு வாடகை அது. மனநல ஆஸ்பத்திரியில் குணமாகி, போக இடமில்லாமல் நின்ற எட்டுப் பேர் அங்கே குடியிருந்தார்கள். வாசலில் ‘நிம்மதி இல்லம்’ என்று ஒரு பலகை. அதில் இல்லத்தின் பெயரைவிட, அதை நடத்தும் சங்கத்தின் தலைவர் முத்துக்குமாருவின் பெயர் அரை அங்குலம் பெரிது.

1987, மார்ச் கடைசி ஞாயிறு, காலை பத்தரை மணி. முன்கூடத்தில் ஐம்பது நாற்காலி போட்டு ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேரும் செயற்குழு.

“ஜெயராஜ், நோட்டீஸ் அனுப்பினீரோ?” என்றார் முத்துக்குமாரு. அரசாங்கத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

“முப்பத்தாறு மெம்பருக்கும் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, ரெண்டு வாரம் முன்னாடியே தபாலுக்குக் கொடுத்துட்டேன் சார்.”

“ஸ்டாம்புக்கு ஏழு வெள்ளி இருபது காசு. என்ரை கைக்காசு, தெரியுமோ?”

செயலாளர் ஜெயராஜுக்குத் தெரியும். இதுவரை ஒன்பது தடவை கேட்டாயிற்று. சோப்புத் தொழிற்சாலைக் குமாஸ்தாவான அவர், யார் குரலை உயர்த்தினாலும் எழுந்து நிற்கிற ரகம். கடிதக் கட்டை இல்லத்திலிருக்கும் நல்லம்மாளிடம் கொடுத்திருந்தார். தபாலாபீஸ் வரை நடப்பது செயற்குழுவின் அந்தஸ்துக்குச் சரிப்படாது. கடிதம் போட, டீ ஆற்ற, தலைவரின் காரைக் கழுவ இல்லத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். மறுவாழ்வுப் பயிற்சி என்று ஆண்டறிக்கையில் அதற்கு ஒரு பக்கம் உண்டு.

கூட்டத்தில் தீர்மானம் ஒன்றுதான்: இல்லத்தை ஜெஞ்சாரோமுக்கு மாற்றுவது. எட்டுப் பேருக்கும் சுத்தமான காற்று வேண்டும் என்று செயற்குழு கண்டுபிடித்திருந்தது. காலியாகும் வீட்டில் ஏர்கோன் பூட்டிச் செயலகம் வைப்பார்கள். ஜெஞ்சாரோமில், எண்ணெய்ப்பனைக்கு நடுவே நின்ற அந்த வீடு பொருளாளர் ரெங்கசாமியுடைய மைத்துனரின் சொத்து. நாலு வருஷமாக அதற்கு வாடகை ஆள் வரவில்லை. காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

நல்லம்மாள் பதினொரு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவள். இரண்டு தெரு தள்ளி ஒரு தையற்கடையில் ரவிக்கை தைத்து மாதம் இருநூறு வெள்ளி சம்பாதித்தாள். ஜெஞ்சாரோமிலிருந்து அந்தத் தையல் மெஷினுக்கு மூன்று பஸ் மாற வேண்டும், வேலை போய்விடும். இதை அவள் தலைவரிடமே சொன்னாள்.

“மனசைப் போட்டுக் குழப்பாதையும் பிள்ளை,” என்று அவர் வைத்தியம் பார்த்து அனுப்பிவிட்டார்.

கூட்டம் செல்லுபடியாகப் பதினைந்து பேர் வேண்டும். ஏற்கனவே இரண்டு முறை ஆளில்லாமல் தள்ளிவைத்தாயிற்று. இன்றும் நடக்காவிட்டால் சங்கத்தின் பதிவு ரத்து. சங்கம் போனால் தலைவர் பதவி போகும். தலைவர் பதவியைக் காட்டித்தான் முத்துக்குமாரு ஓர் அரசு விருதுக்கு மனுப் போட்டிருந்தார். அதற்குக் கோட்டும் தைத்தாகிவிட்டது.

“போன் பண்ணும்!” என்று தலைவர் தொலைபேசிப் பூட்டின் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

ஜெயராஜ் முக்கால் மணி நேரம் டயலைச் சுழற்றினார். எடுத்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு. “நோட்டீஸே வரலையே.”

“பொய் லா! வருஷா வருஷம் இதே excuse!” என்றார் துணைத்தலைவி மார்க்கிரட். அவர் முன்னாள் தலைமையாசிரியை. “சாப்பாடு இருக்குன்னு சொல்லுங்க, ஓடி வருவாங்க.”

நாற்பது பொட்டலம் ஆட்டு பிரியாணி வந்தது. மெம்பர்கள் வரவில்லை.

“நான் லோரியை எடுத்துட்டுப் போய் கிள்ளான்ல இருக்கிற மெம்பரையெல்லாம் அள்ளிட்டு வரேன்,” என்று ரெங்கசாமி கிளம்பினார். கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவர் போனதும் ஏழு ஆறாயிற்று. இரண்டு மணி நேரம் கழித்து லோரி நிறைய ஆட்களோடு திரும்பினார்.

“இவங்க யாருங்காணும்?” என்றார் முத்துக்குமாரு.

“நம்ம கடை வேலைக்காரங்க. மெம்பருங்க ஒருத்தரும் வீட்டுல இல்லை. தலை எண்ணிக்கைதானே சார் வேணும்?”

“மெம்பர் தலை வேணும்! சட்டவிதியை எழுதினவன் நான்!”

தலைவர் கத்தி முடிப்பதற்குள் கடைச் சிப்பந்திகள் ஆளுக்கு இரண்டு பொட்டலம் பிரித்திருந்தார்கள். சாப்பிட்டுக் கைகழுவி லோரியில் ஏறிவிட்டார்கள்.

ஜெயராஜ் அடுப்பங்கரைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். நல்லம்மாள் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏண்ணே, மெம்பராகணும்னா என்ன வேணும்?”

“ரெண்டு வெள்ளி சந்தா. அப்புறம் சங்கத்தோட நோக்கத்துல நம்பிக்கை.”

“ரெண்டு வெள்ளி யாராச்சும் போட்டா, நம்பிக்கைக்கு நாங்க எட்டு பேரு இருக்கோம்.”

ஏழும் எட்டும் பதினைந்து. ஜெயராஜ் தண்ணீர்த் தம்ளரோடு கூடத்துக்கு ஓடினார். யோசனையைத் தம்முடையதாகவே சொன்னார்.

மார்க்கிரட் முகம் சுளித்தார். “அதுங்களுக்கு vote-ன்னா என்னன்னு தெரியுமா?”

“தெரியாதது எங்களுக்கு வசதி,” என்றார் தலைவர். “கையைத் தூக்கச் சொன்னால் அதுகள் தூக்கும். செயற்குழு ஏற்றுக்கொண்ட நிமிஷத்திலிருந்து முழு உரிமை, ஏழாம் விதி.” பதினாறு வெள்ளியை அவரே எடுத்து மேசையில் வைத்தார். விருது மனுவில் சேர்க்க இன்னொரு வரி கிடைத்தது.

எட்டுப் பேரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஜெயராஜ் ஒத்திகை நடத்தினார். ‘ஆதரவு’ என்றதும் எட்டுக் கையும் ஒன்றாக உயர்ந்தது. “Good, good,” என்று மார்க்கிரட் மிட்டாய் கொடுத்தார்.

கூட்டம் தொடங்கியது. தலைவர் சுத்தமான காற்றைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். அவ்வளவு நேரமும் கூடத்தில் அது கிடைக்கவில்லை.

“தீர்மானத்துக்கு ஆதரவு?”

செயற்குழுவின் ஏழு கைகள் உயர்ந்தன. ஜெயராஜுடையது எல்லாவற்றுக்கும் முந்தி. முன்வரிசை மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தது.

“ஆதரவு!” என்று மறுபடியும் உரக்கச் சொன்னார் தலைவர்.

“காது கேக்குது சார்,” என்றாள் நல்லம்மாள். “எதிர்ப்பு யாருன்னு கேளுங்க.”

அவர் கேட்கவில்லை. கேட்காமலே எட்டுக் கைகள் உயர்ந்தன.

“இது செல்லாது!” மார்க்கிரட் எழுந்துவிட்டார். “இவங்க vote-ஐ எடுக்கக்கூடாது, மிஸ்டர் முத்துக்குமாரு!”

“எடுக்காட்டா இவங்க மெம்பர் இல்லை,” என்றார் ரெங்கசாமி மெதுவாக. வியாபாரி, கூட்டல் கழித்தல் சட்டென்று வரும். “மெம்பர் இல்லாட்டா பதினஞ்சு இல்லை. பதினஞ்சு இல்லாட்டா கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாட்டா சங்கம் இல்லை.”

முத்துக்குமாரு தம் சட்டவிதிப் புத்தகத்தை ஏழாம் விதியில் திறந்து பார்த்தார், மூடினார். தைத்து வைத்த கோட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“எழுதும், ஜெயராஜ். ஆதரவு ஏழு, எதிர்ப்பு எட்டு. தீர்மானம் தோல்வி.” பிறகு, “எல்லாம் உம்மாலை வந்த வினை!” என்று கதவை அறைந்துகொண்டு காரில் ஏறினார்.

கூடம் காலியானதும் ஜெயராஜ் அடுப்பங்கரை ஸ்டூலில் சரிந்தார்.

“முப்பத்தாறு பேர்ல எட்டு பேரு வந்திருந்தாக்கூட உங்களையெல்லாம் சேர்க்க வேண்டியே இருந்திருக்காது, நல்லம்மா. நோட்டீஸ் வரலைன்னு வாய் கூசாம சொல்றாங்களே, என்ன மனுஷங்க!”

“அவங்களைத் திட்டாதீங்கண்ணே,” என்ற நல்லம்மாள், தையல் பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து அவர் மடியில் வைத்தாள். “ஸ்டாம்பு முப்பத்தாறு, தண்ணியில ஊற வச்சுக் கிழியாம பிரிச்சு வச்சிருக்கேன், ஏழு வெள்ளி இருபது காசு. எங்க மெம்பர் காசு பதினாறுல அதைக் கழிச்சிட்டு, தலைவருக்கு நாங்க எட்டு வெள்ளி எண்பது காசு பாக்கின்னு எழுதிக்குங்க.”