ஆணியில் தொங்கிய நோட்டு

கணினித் திரையை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திக்கொண்டு கண்காணிப்பாளர் நின்றார். முதுகுக்குப் பின்னால் மனைவி ஈரக் கையோடு வந்து நிற்பது அவருக்குத் தெரிந்தது.

"என்ன, அதைக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கிறீங்க?"

"தூசி. தொடைக்கிறேன்."

"துணி எங்க?"

"கையே போதும்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, தொடைங்க" என்று சமையலறைக்குள் போனாள். அந்த வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்திப் போட்டறியாத மனிதர், ஒரு சாயங்கால நேரத்தில் தூசி துடைக்கக் கிளம்பினால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். இந்தச் சின்ன விஷயம் அவருக்குத் தோன்றவில்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவர் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார்.

அவர் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பிரிவின் கண்காணிப்பாளர். ஏழு பேரைக் கண்காணிக்கத்தான் வாரியம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. வீட்டிலிருந்த மூன்று பேரை அவராகவே சேர்த்துக்கொண்டார். மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், மாடி அறையில் தங்கி செல்போன் ரிப்பேர் கடை நடத்தும் மனைவியின் தம்பி.

மகளுக்கு முதன்முதலாக மெயில் முகவரி கிடைத்த அன்றைக்கே அவர் சட்டம் போட்டுவிட்டார். "இந்த வீட்ல ஒளிவு மறைவு கிடையாது." கணினி கூடத்தில் இருக்கும். திரை சமையலறையைப் பார்த்து இருக்கும். எல்லாருடைய பாஸ்வேர்டும் ஒரு நோட்டில் எழுதப்பட்டு, அந்த நோட்டு நூலில் கட்டி ஆணியில் தொங்கும். யாரும் யாருடைய மெயிலையும் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அப்படித்தான் அவர் எல்லாருடையதையும் பார்த்துவந்தார். மகளுக்கு ஒரு தோழி அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தில் இருந்த ஐந்து பிழைகளைத் திருத்தி, அந்தத் தோழிக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். அதோடு அவள் எழுதுவதை நிறுத்திக்கொண்டாள். அவருடைய மெயிலில் கேஸ் சிலிண்டர் பதிவு எண்ணைத் தவிர மற்றவர்களுக்குப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது இருந்தது. வாரியத்தின் தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. மலை மேலிருக்கும் நீரேற்று நிலையத்துக்குத் தன்னை இரண்டு வருடத்துக்கு மாற்றும்படி அவர் விண்ணப்பித்திருந்தார் அல்லவா, அதை ஏற்றுக்கொள்ளத் தயார், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும், தவறினால் விண்ணப்பம் ரத்து. அவ்வளவு படிப்பதற்குள் மனைவி வந்துவிட்டாள்.

அந்த மலைக்கு யாரும் விரும்பிப் போனதில்லை. ஒரு பம்பு, ஓர் அறை, காலையில் மட்டும் வந்துபோகும் ஓர் ஆள். கண்காணிப்பாளருக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது. காலாட்டிக்கொண்டு உட்காரலாம், எதிர்த்துப் பேச ஆளில்லை. ஆனால் தானே கேட்டு வாங்கினேன் என்று சொல்ல முடியாது. "நான் ஒரு வாரம் இல்லைன்னா தெரியும், இந்த வீடு எப்படி நாறிப்போகும்னு" என்று தினமும் சொல்லிவந்த வாய் அது. ஆகவே திட்டம் இதுதான். மாற்றல் உத்தரவு தபாலில் வரும். அவர் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சரிவார். "அரசாங்க உத்தரவு, நான் என்ன பண்ண" என்பார். மூன்று பேரும் கதறுவார்கள். அவர் தேற்றுவார். தேற்றுவதற்கான முகத்தைக் குளியலறைக் கண்ணாடியில் பத்து நாளாகப் பழகிவருகிறார். விண்ணப்பம் போட்டதே அவர்தான் என்று தெரிந்துவிட்டால் அத்தனையும் பாழ்.

வாரியத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இதற்கு வேறு வழியா இல்லை என்று கேட்கலாம். அலுவலகத்தில் இன்டர்நெட் இருந்தது மேலதிகாரியின் அறையில் மட்டும். தொடுதிரை போன் மனுஷனைக் கெடுக்கும் என்று ஊருக்கே உபதேசம் செய்துவந்ததால் அவர் கையில் இருந்தது பட்டன் போன். எல்லா வாசலையும் அவரே அடைத்து வைத்திருந்தார்.

முதல் காரியமாக அன்று, திங்கட்கிழமை மாலையே, பாஸ்வேர்டை மாற்றினார். மேஜை மேல் கிடந்த பழுதான மீட்டர் ஒன்றின் பதினோரு இலக்க எண்ணைப் போட்டு, மீட்டரை அலமாரியில் பூட்டினார். நோட்டில் எழுதவில்லை. பதில் அடிக்க உட்கார்ந்தபோது மனைவி மறுபடியும் பின்னால் வந்து நின்றதால், அதை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்.

மறுநாள் காலை மகள் கூடத்திலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, உங்க மெயில் திறக்க மாட்டேங்குது."

"என் மெயில்ல உனக்கு என்ன வேலை?"

"யாரும் யாரோடதையும் பாக்கலாம்னு நீங்கதானே ரூல் போட்டீங்க?"

"கேஸ் நம்பர் பாக்கணும்" என்று மனைவி சமையலறையிலிருந்து சொன்னாள்.

"போன வாரம்தானே சிலிண்டர் வந்துச்சு?"

"அடுத்ததுக்கு இப்பவே பாத்து வச்சா என்னவாம்?"

கண்காணிப்பாளர் செய்தித்தாளைப் புரட்டியபடி, "எவனோ ஹேக் பண்ணிட்டான் போல இருக்கு. அதை யாரும் தொடாதீங்க" என்றார். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதைச் சொல்வதுபோல் அதைச் சொன்னார்.

அதோடு விட்டிருப்பார்கள் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். ஆனால் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது மைத்துனன் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். அவருக்காக அவன் ஒரு துரும்பைக்கூட நகர்த்தியதில்லை. இப்போது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேர்த்து வழிய வேலை செய்துகொண்டிருந்தான்.

"மாமா, கவலைப்படாதீங்க. அரை மணியில மீட்டுக் குடுத்துடறேன்."

"வேணாம், எழுந்திரு."

"உங்க மெயிலு எங்களுக்கு முக்கியம் மாமா."

அவருக்கு நெஞ்சு இளகியது. "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. நானே மாத்திட்டு மறந்துட்டேன்" என்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நோட்டை எடுத்து வாயில் வந்த ஒரு பாஸ்வேர்டை எழுதி அடிக்கோடும் போட்டு ஆணியில் மாட்டினார். பொய்க்கு மேல் பொய் எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

புதன்கிழமை முழுக்க அந்த வீட்டில் அந்தப் பொய் பாஸ்வேர்டைத்தான் தட்டினார்கள். மனைவி காலையில் தட்டினாள். மகள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுத் தட்டினாள். மைத்துனன் கடைக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்து தட்டினான். பெரிய எழுத்தில், சின்ன எழுத்தில், இடைவெளி விட்டு, விடாமல். மாலையில் கண்காணிப்பாளர் மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டுத் தன் பதினோரு இலக்கத்தை ரகசியமாக அடித்தபோது, அளவுக்கு மீறிய முயற்சிகள் நடந்ததால் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, முப்பத்தெட்டில் முடியும் செல்போனுக்கு வரும் எண்ணைப் போட்டால்தான் திறக்கும் என்று வந்தது.

முப்பத்தெட்டில் முடிவது மனைவியின் எண். ஆரம்பத்தில் அவர்தான் கொடுத்திருந்தார், ஒளிவு மறைவு கூடாதல்லவா.

வியாழக்கிழமை அலுவலகத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே சுற்றினார். கடைசியில் மனைவியிடம் போய், "உன் போனைக் கொஞ்சம் குடு. மணி பாக்கணும்" என்றார்.

மனைவி அவர் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அதுல என்ன, எண்ணு போதலையா?"

"அது ரெண்டு நிமிஷம் ஸ்லோ."

"நீங்க இப்ப எந்த ரயிலைப் பிடிக்கணும்?"

அவர் பதில் தேடுவதற்குள், ஏற்கெனவே அவர் கணினியில் அமுக்கிவிட்டு வந்திருந்த கோரிக்கைக்குப் பதிலாக போன் கிணுகிணுத்தது. மனைவி எடுத்துப் பார்த்தாள். பார்த்தவள் வீடே அதிரும்படி படித்தாள். "ஆறு, நாலு, நாலு, ஒண்ணு, எட்டு, பூஜ்யம். உங்க மெயிலுக்கு வந்திருக்கு. டேய் தம்பி, கீழ வாடா. நம்பர் வந்துடுச்சு."

மாடியிலிருந்து தடதடவென்று மைத்துனன் இறங்கினான். உள்ளறையிலிருந்து மகள் தலையில் துண்டோடு ஓடிவந்தாள். கண்காணிப்பாளர் கீபோர்டைத் தொடுமுன் மகள் எண்ணை அடித்து முடித்துவிட்டாள். அவர் காதுக்குப் பக்கத்தில் மூன்று பேரின் மூச்சும் கேட்டது. மெயில் பக்கம் மெல்லத் திறக்க ஆரம்பித்தது.

அவர் யோசிக்கவில்லை. யோசிக்கிற வழக்கமும் அவருக்குக் கிடையாது. வாசலுக்கு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து மெயின் ஸ்விட்சை இறக்கினார். மின்விசிறி நின்றது. குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை குலுங்கி அடங்கியது. திரை கறுத்தது.

"அப்பா, ஏம்ப்பா?"

"ஷாக் அடிச்சுது. உங்க உயிரைக் காப்பாத்தினேன்."

அதற்குப் பிறகு மெயின் ஸ்விட்சைப் போட்டும் கணினிக்கு உயிர் வரவில்லை. மைத்துனன் பின்பக்கத்தைக் கழற்றி முகர்ந்து பார்த்தான். "உள்ள ஏதோ கருகிடுச்சு மாமா. என் கூட்டாளி கடையில குடுத்தா ரெண்டு நாள்ல சரி பண்ணிடுவான்" என்று கணினியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனான். இரண்டு நாள் என்றால் சனிக்கிழமை. கண்காணிப்பாளர் வெறும் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியது. அதைப் பார்த்த மகள், "பாவம்மா அப்பா" என்றாள். அவருக்கு இன்னும் கலங்கியது. இப்படிப்பட்டவர்களை விட்டுவிட்டுப் போகத்தான் இத்தனை பாடா என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், வெட்கப்பட்டார். பிறகு மலையை நினைத்துக்கொண்டார், வெட்கம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு வேறு வழியில்லாமல் பட்டன் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். பேச்சு வெளியே கேட்கக் கூடாது என்று குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று ஊரெல்லாம் பலகை வைக்கும் வாரியத்தின் கண்காணிப்பாளர் அவர்.

தலைமை அலுவலகத்தில் மாற்றல் பிரிவு எழுத்தர் அம்மாள் எடுத்தார்.

"மேடம், மலை நீரேற்று நிலைய விஷயமா நீங்க மெயில் போட்டிருந்தீங்க. இங்க கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, பதில் அனுப்ப முடியல. அஞ்சு மணிக்குள்ள சொல்லணுமே. எனக்குச் சம்மதம். வாயால சொன்னதா எடுத்துக்குங்க."

"கொஞ்சம் சத்தமா பேசுங்க சார். மழையா அங்க?"

"சம்மதம், மேடம். சம்மதம்."

வெளியே மனைவி கதவைத் தட்டினாள். "யாருக்குங்க சம்மதம் சொல்றீங்க உள்ள?"

"ஒண்ணுமில்ல, பாடறேன்" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், எழுதிக்கிட்டீங்களா?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "எதுக்கு சார் மறுபடி? உங்க பதில்தான் திங்கட்கிழமை காலையில ஏழு இருபதுக்கே வந்துடுச்சே."

"திங்கட்கிழமையா? நான் மெயிலைப் பாத்ததே அன்னிக்கு சாயங்காலம்தானே."

"உங்க மெயில்ல இருந்துதான் சார் வந்திருக்கு. குடும்பத்துல யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னு வீட்டம்மா, பொண்ணு, மச்சினன் மூணு பேரும் கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்து வேற அனுப்பியிருக்கீங்க. அன்னிக்கு மத்தியானமே பதில் கேட்டு இன்னொரு மெயிலும் வந்துச்சு. அவ்வளவு அவசரமானு நாங்க இங்க பேசிக்கிட்டோம்."

குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. கண்காணிப்பாளர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். பத்து நாள் பழகிய சோகம் இப்போது பழகாமலே வந்து உட்கார்ந்திருந்தது.

"பதில் கேட்டா? என்ன பதில் மேடம்?" என்று ஈனசுரத்தில் கேட்டார்.

"ரெண்டு வருஷம் போதாது, அஞ்சு வருஷமா ஆக்கணும்னு கேட்டிருந்தீங்களே, அதை ஐயா ஒத்துக்கிட்டார் சார், லீவு நாள்லகூட வீட்டுக்கு அனுப்பவே வேணாம்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அதைத்தான் இன்னும் யோசிச்சிட்டிருக்கார்."