நெஞ்சுக்கு இறங்கும் பல்பூச்சி

பேருந்துப் பணிமனைக்கு எதிரே இருந்த காலிக் கடையில் பல்லுக்குப் புகை போடும் வைத்தியர் ஒருவர் வந்து இறங்கினார். மூன்றாம் நாளே வரிசை பேருந்து நிறுத்தம் வரை நீண்டது. பேருந்துக்குக்கூட அவ்வளவு பேர் நின்றதில்லை. அது எங்கே போகும் என்று பலகையில் எழுதியிருக்குமே, அதில் என்ன சுவாரசியம்?

வைத்தியரின் கண்டுபிடிப்பு இதுதான்: ஈறில் ரத்தம் வந்தால் உள்ளே பூச்சி. அது ஈறைத் தின்று முடித்ததும் நெஞ்சுக்கு இறங்கும். வாயில் குழாயை வைத்துப் புகை விடுவார். பஞ்சால் துடைப்பார். பீங்கான் தட்டில் வெள்ளைப் பூச்சி நெளியும். பார்த்தவர்களுக்குப் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரைக் காப்பாற்ற அவரே பொடியும் விற்றார். வாசலில் ஒரு வாளி. பழைய மாத்திரைகளை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

ஓட்டுநர் ஒருவர் தன் இதய மாத்திரைகளோடு வாளியருகே நின்றார். ஆறு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து, அடைத்த இதயக் குழாயைத் திறக்க ஸ்டென்ட் வைத்தவர். பல் துலக்கினால் ரத்தம். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மலை வளைவில் வண்டி திருப்புகிற அந்த வீரருக்குப் பல் டாக்டரின் ஊசி என்றால் மட்டும் நடுக்கம்.

கூட வந்த, தையல்கடை நடத்தும் அக்கா அவர் கையைப் பிடித்தார்.

"ஸ்டென்ட் வச்ச டாக்டர் என்னடா சொன்னாரு? ஈறு நோய் இருக்கிறவங்களுக்கு மாரடைப்பு ஆபத்தும் கூடுதலா இருக்கு, ஏன்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குதுன்னாரு. ஈறை சுத்தம் பண்ணு, மாத்திரையை நிறுத்தாதேன்னாரு. பூச்சின்னு எங்க சொன்னாரு?"

"அவரு பாதி சொன்னாரு, இவரு மீதி சொல்றாருக்கா."

"பொய் சொல்றவனுக்கு அந்தப் பாதி போதும்டா. முதல்ல எனக்குப் பாக்கட்டும். அதுவரைக்கும் மாத்திரை உன் பையிலயே இருக்கட்டும்."

அக்கா உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

"ஆகா! கூடே கட்டியிருக்கும்மா," என்றார் வைத்தியர். "நெஞ்சு படபடங்குமே?"

"மூணு மாடி ஏறினா படபடங்கும்."

"அதேதான்!"

புகை. பஞ்சு. தட்டில் ஏழு பூச்சி. கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. ஓட்டுநர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தப் பல்லுலேர்ந்துங்க வந்துச்சு?" என்றார் அக்கா.

"மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லு. வேரையே அரிச்சிருச்சு."

அக்கா நிதானமாக மேல்வரிசையைக் கழற்றினார். பிறகு கீழ்வரிசையை. இரண்டையும் பூச்சிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அஞ்சு வருசமா எனக்குச் சொந்தப் பல் ஒண்ணுகூட இல்ல," என்றார் பொக்கை வாயால். "ஈறு நோயைக் கவனிக்காம விட்டு அத்தனையும் போச்சு. வேரு எங்க இருக்கு, காட்டுங்க."

வைத்தியர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். "அது... ஈறுல தங்கின பழைய பூச்சி..."

தையல்கார அக்கா தன் பையைத் திறந்தார். கத்தரிக்கோலை எடுத்தார். யார் வாயிலும் படாத புதுப் பஞ்சுருண்டை ஒன்றை வைத்தியரின் பெட்டியிலிருந்து எடுத்து வெட்டினார். உள்ளே மூன்று பூச்சி, மாவில் விழுகிற அதே சாதி. அடுத்த உருண்டையில் நான்கு. எல்லாரும் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தபோது வைத்தியர் பின்வாசலைப் பார்த்தார். போனவர் போனவர்தான்.

அப்புறம் வாளியைச் சுற்றி ஒரே அடிதடி. "இது என் சர்க்கரை மாத்திரை!" "யோவ், அது என் பிரஷர் மாத்திரை!" கடைசியில் எல்லாரையும் மருந்துச் சீட்டோடு மருந்துக்கடைக்கு விரட்டியதும் அக்காதான்.

மறுநாள் ஓட்டுநர் பல் டாக்டரின் நாற்காலியில் இருந்தார். அக்காவின் விரல்கள் அவர் பிடியில் நசுங்கின.

"வாயைத் திறங்க," என்றார் டாக்டர்.

"எதுக்குங்க? என்ன பண்ணப் போறீங்க?" என்றார் ஓட்டுநர்.

டாக்டர் கருவியைக் காட்டி, ஒவ்வொன்றாக விளக்கினார்.

அந்த நீண்ட வரிசையில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி அது. யார் வாயைத் திறக்கச் சொன்னாலும், முதலில் ஒரு கேள்வி கேட்பதற்காகத் திறவுங்கள், அய்யா!