அப்பாக்களுக்கு மட்டும் மாலை வகுப்பு

"இன்னையிலேருந்து இவ படிப்புக்கு நானே பொறுப்பு!"

சாப்பாட்டு மேசையை ஓங்கித் தட்டித்தான் இந்தச் சபதத்தைப் போட்டேன். தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது. தையல் மெஷினில் குனிந்திருந்த என் மனைவி தலையைத் தூக்கவில்லை.

"முதல்ல அதைத் துடைக்கிற பொறுப்பை எடுத்துக்குங்க" என்றாள்.

துடைத்தேன். துடைத்துக்கொண்டேதான் கவலைப்பட்டேன்.

கவலைக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஒரே மகள் குட்டி கணக்குப் பரீட்சையில் சறுக்கியிருந்தாள். ஏழாம் வகுப்பு. பள்ளியில் எங்களையெல்லாம் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். "பிள்ளைகளின் படிப்பு பெற்றோர் கையில்" என்று வகுப்பு டீச்சர் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிவிடுகிறவன். பெற்ற பெண்ணின் மார்க்கை ஏற்றத் தெரியவில்லை என்றால் வெளியே சொல்ல முடியுமா?

அன்று மாலையே எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். குட்டி நோட்டைப் பார்த்தாள். நான் குட்டியைப் பார்த்தேன். பென்சில் நின்றது. எனக்கு மூச்சு நின்றது.

"ஏன் நின்னுட்ட?"

"யோசிக்கிறேன்ப்பா."

"எழுதிக்கிட்டே யோசி."

"அப்படி எழுதினா தப்பாகுதுப்பா."

"அப்போ யோசிச்சுட்டு எழுது. ஆனா நிக்காதே!"

வேலையிலும் மனசு நிற்கவில்லை. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்தபடியே வீட்டுக்குப் போன் போடுவேன்.

"குட்டி வந்துட்டாளா?"

"வந்துட்டா."

"திறந்தாளா?"

"வாயைத் திறந்திருக்கா. சாப்பிடுறா."

"நான் புத்தகத்தைக் கேட்டேன். எந்தப் பாடம் போயிட்டிருக்கு?"

"பாடம் இல்லைங்க, பழம். ஆமா, அங்கே யாரோ கத்துற மாதிரி கேக்குதே?"

"லிஃப்ட்டுக்குள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டிருக்காரு. அது கிடக்கட்டும். பின்னம் போட்டுப் பார்த்தாளா?"

"முதல்ல அந்த மனுஷனை வெளியே விடுங்க!" என்று போனை வைத்துவிட்டாள்.

இத்தனை பொறுப்பு எடுத்தும் அடுத்த பரீட்சையில் மார்க் இன்னும் இறங்கியது. நான் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டேன். குட்டி பென்சிலைக் கடிக்க ஆரம்பித்தாள். அப்புறம் நகத்தை. அப்புறம் ஒரு புது வியாதி வந்தது. என் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டால் அவளுக்கு வயிறு வலிக்கும். டாக்டரிடம் காட்டினோம். வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். "அவ தலையிலயும் ஒண்ணும் ஏறலை டாக்டர்" என்று நான் அழாத குறையாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மாத்திரையை யாருக்கு எழுதுவது என்று யோசித்தார்.

ஒரு மாலை, குட்டி நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அப்பா, நான் ஃபெயிலாயிட்டா நீங்க என்ன ஆவீங்க?"

ஊரில் எல்லா அப்பாக்களும் பிள்ளைகளைக் கேட்கிற கேள்வி அது. அது திரும்பி வந்து என் நெஞ்சில் குத்தியது. "பேச்சை மாத்தாதே, கணக்கைப் போடு" என்றேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கழுத்தில் அளவு டேப்போடு என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணி வெட்டுவதற்கு முன்னால் அவள் அப்படித்தான் பார்ப்பாள். எனக்குத்தான் அளவெடுக்கிறாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டொரு நாளில் சேதி வந்தது.

"ஏங்க, ஸ்கூல்ல பெத்தவங்களுக்கு வகுப்பு ஆரம்பிச்சிருக்காங்க. பிள்ளைங்களை எப்படிப் படிக்க வைக்கறதுன்னு."

"நீ போகலையா?"

"அம்மாக்களுக்கு மத்தியானமே முடிஞ்சிடுச்சு. சாயங்காலம் அப்பாக்களுக்கு மட்டும். உங்களுக்கு நேரம் இருக்குமோ என்னவோ..."

"நேரமா? என் பொண்ணு படிப்பைவிட என்ன இருக்கு?"

"அதான், நீங்க மாட்டேன்னு சொல்லமாட்டீங்கன்னு சொல்லிட்டேன்" என்று நூலைப் பல்லால் கடித்தாள்.

போனேன். பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் அப்பாக்கள் முழங்காலைத் தாடைவரை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் பேக்கரிக்காரர். முன்னால் பஸ் டிரைவர். ஓரத்தில் பல் டாக்டர். எல்லோர் முகத்திலும் என் முகம். பாடம் எடுக்க வந்தவர் டிராயிங் டீச்சர். கணக்கு டீச்சர் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பயம்.

"எல்லாரும் அவங்கவங்க பிள்ளை முகத்தை வரைங்க" என்றார்.

இதென்ன பிரமாதம் என்று பென்சிலை எடுத்தேன். உச்சி வகிடு வந்தது. நேர்க்கோடு மாதிரி, நன்றாகவே வந்தது. அதற்குக் கீழே கை ஓடவில்லை. மூக்கு எப்படி இருக்கும்? கன்னத்தில் குழி எந்தப் பக்கம்? ஒரு பக்கம் உண்டு, அது நிச்சயம். இத்தனை நாளாக எதிரில் உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் குனிந்த தலையைத்தான். திருட்டுத்தனமாக அக்கம்பக்கம் பார்த்தேன். டிரைவர் சின்னதாக, பஸ் கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஒரு முகத்தை வரைந்து அழித்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் முப்பத்திரண்டு பல்லையும் தத்ரூபமாக வரைந்துவிட்டு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வீட்டுப்பாடம் இதுதான்" என்றார் டீச்சர். "போய் முகத்தைப் பாருங்க. படிப்பைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கக் கூடாது."

வகுப்பில் தினமும் இப்படியே ஏதாவது நடந்தது. நான் வீடு திரும்பும்போது குட்டி படித்து முடித்துப் புத்தகத்தை மூடியிருப்பாள். முகத்தைப் பார்த்தேன். குழி இடது கன்னம்.

மார்க் ஏற ஆரம்பித்தது! வயிற்று வலி போயிற்று. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டேன்.

"பார்த்தியா? நான் வகுப்புக்குப் போறதுக்கே மார்க் ஏறுது!"

"ஆமாங்க" என்றாள் மனைவி. "நீங்க போகப் போக ஏறுது."

பாராட்டு என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் டிராயிங் டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சைகையிலேயே எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார். ஸ்கூட்டர் பழுது என்பதால் நடந்தே வந்தேன். வீட்டு வாசலில் திருவிழாக் கூட்டம் மாதிரி செருப்புகள். உள்ளே ஒரே இரைச்சல்.

எட்டிப் பார்த்தேன். பேக்கரிக்காரர் மகன், டிரைவரின் இரட்டைப் பெண்கள், பல் டாக்டர் மகள் எல்லோரும் துணி மூட்டைமேல் சாய்ந்திருந்தார்கள். நடுவில் என் மனைவி கத்தரிக்கோலோடு.

"முக்கால் மீட்டர் துணி. சரிபாதியா வெட்டப்போறேன். ஒரு துண்டு எவ்வளவு? தப்பாச் சொன்னா சட்டைக்குக் கை இருக்காது!"

"எட்டுல மூணு மீட்டர்!" என்று கத்தினாள் குட்டி. முகம் முழுக்கச் சிரிப்பு.

"நான் முதல்லயே சொன்னேன்!" என்றான் பேக்கரிக்காரர் மகன். அதற்கு ஒரு சண்டை. அந்தச் சண்டையிலும் பின்னம்தான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதவைத் திறந்தேன்.

அவ்வளவுதான். இரைச்சல் நின்றது. ஆளுக்கொரு நோட்டுக்குள் தலை கவிழ்ந்தது. குட்டியின் பென்சில் வாய்க்குப் போயிற்று. எனக்குத் தெரிந்த அந்த வகிடு மட்டும் தெரிந்தது.

பிள்ளைகள் கலைந்து போனதும் சமையலறையில் மனைவியை மடக்கினேன்.

"அந்த வகுப்பே பித்தலாட்டமா?"

"வகுப்பு நிஜம்தான். டிராயிங் டீச்சர் நிஜம்தான். அம்மாக்கள் நாங்க எல்லாரும் போய்க் கேட்டோம். பாவம், ஒத்துக்கிட்டாங்க."

"என்னை ஏமாத்திட்ட!"

"உங்க பொறுப்பைத்தானே உங்களுக்குக் கொடுத்தேன்? சாயங்காலம் வீட்டுல இல்லாம இருக்கறதுதான் உங்க பொறுப்பு."

"நான் அவ நல்லதுக்குத்தானே பக்கத்துல உக்காந்தேன்?"

அவள் குரல் இறங்கியது. "தெரியும்ங்க. லிஃப்ட் வரலைன்னா ஜனங்க பட்டனைப் போட்டு அமுக்கிக்கிட்டே இருக்காங்கன்னு வந்து திட்டுவீங்களே, நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

தையல்காரி இல்லையா, என் வாயைத் தைத்துவிட்டாள்.

ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. "நான் மாறிட்டேன். ஆண்டுப் பரீட்சைக்கு நான்தான் பக்கத்துல உக்காருவேன்" என்றேன்.

"தாராளமா. வகுப்புல பாஸ் பண்ணிட்டா உக்காருங்க. ஒரு வீட்டுப்பாடம் முடியற வரைக்கும் அவ பக்கத்துல இருக்கணும். ஒரு கேள்வியும் கேக்கக் கூடாது."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அடுத்த மாலை உட்கார்ந்தேன். மனைவி பட்டன் தைத்துக்கொண்டே கண்காணித்தாள். முதல் சில கணக்குகள் சுகமாகப் போயின. கடைசிக்கு முந்தின கணக்கு வந்தது. அரையும் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் எவ்வளவு?

குட்டி 'ஐந்தில் இரண்டு' என்று எழுதினாள்.

எனக்கு வியர்த்தது. ஐயோ, பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா? லிஃப்ட்டில் ஒருத்தர் கூட ஏறினால் பாரம் குறையுமா? நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன். கால் தானாக ஆடியது. கையால் பிடித்தேன். கை ஆடியது. பென்சில் நின்றது. நான் கூரையைப் பார்த்தேன். அங்கே ஒரு பல்லி என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

குட்டி கீழே கிடந்த ஒரு துண்டுத் துணியை எடுத்தாள். மடித்தாள். பிரித்தாள். "குறையாதே..." என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். அழித்தாள். மெதுவாக, ஒவ்வொரு எண்ணாக, 'ஆறில் ஐந்து' என்று எழுதினாள்.

அவளே கண்டுபிடித்துவிட்டாள்! யாரும் கேட்காமல், யாரும் சொல்லாமல், என் மகள்! கண் நிறைந்துவிட்டது. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன்.

"சபாஷ்டா குட்டி! சரி, அடுத்த கணக்கு என்ன?"

பட்டன் தைத்துக்கொண்டிருந்த ஊசி நின்றது. குட்டி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இடது கன்னத்தில் குழி விழுந்தது.

"அப்பா, அது கேள்வி."

இப்போது அவள் எட்டாம் வகுப்பு. நான் அதே வகுப்பில் இரண்டாவது வருஷம்.