ரகசியத்துக்குக் கிடைத்த மூன்று நட்சத்திரம்

பேய்க்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாம்புக்கு, பல் டொக்டருக்கு, மாமியாருக்குப் பயந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கடைசி வகையில் நானே ஆயுள் உறுப்பினர். ஆனால் யாராவது 'நன்றி' என்று சொன்னால் முகம் வெளிறி, கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற மனிதர் இந்தக் குடாநாடு முழுக்கத் தேடினாலும் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் அறையில், 'ரகசியம்' என்று நாங்கள் கூப்பிடும் மனிதர்.

எங்கள் அறை என்பது சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு மொத்த வெங்காயக் கடையின் மேல்மாடி. மூன்று மேசை, ஒரு மின்விசிறி, நல்ல இன்டர்நெட். அங்கே யார் அழுதாலும் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்பது கூடுதல் வசதி. ஒரு மேசையில் தாரணி என்ற பெண் பிள்ளை வெளிநாட்டுக் கடைகளுக்கு லோகோ வரைந்து கொடுப்பாள். இன்னொன்றில் நான். கம்பனி என்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, கிறைண்டர், துணி தோய்க்கும் மெஷின் முதலியவற்றோடு வரும் கையேடுகளைத் தமிழாக்கிச் சீவிக்கிறேன். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்ற வசனத்தை என்னளவுக்கு எழுதியவர்கள் இருக்க முடியாது. மூன்றாவது மேசை ரகசியத்துடையது. கறையான் தின்ற, தண்ணீர் பட்டு ஊறிய பழைய படங்களைக் கொம்பியூட்டரில் திருத்திக் கொடுப்பது அவர் தொழில். மூன்று பேருக்கும் ஓடர் வருவது ஒரே வெளிநாட்டுத் தளத்திலிருந்துதான்.

அந்தத் தளத்தின் நடைமுறையைச் சொன்னால்தான் ரகசியத்தின் பயம் உங்களுக்கு விளங்கும். வேலை முடிந்ததும் வேலை கொடுத்தவர் நமக்கு நட்சத்திரம் போடுவார். ஆகக்கூட ஐந்து. கூடவே இரண்டு வரி எழுதுவார். அது உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு தளம் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, 'இனி உண்மையைச் சொல்லுங்கோ, ஆள் எப்படி? திரும்பவும் இவரிட்டைப் போவியளோ?' என்று காதுக்குள் கேட்கும். அந்தப் பதில் நம் கண்ணில் ஒருநாளும் படாது. ஆனால் நம் ஸ்கோர் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் அதை வைத்துத்தான் என்பது எங்கள் எல்லாருடைய நம்பிக்கை.

இதில் நமக்குப் புதிதாக ஒன்றுமில்லை. பெண் வீட்டார் வந்து பலகாரம் சாப்பிட்டு, 'நல்ல சந்தோஷம், சொல்லி அனுப்புறம்' என்று சிரித்துவிட்டுப் போவார்கள். போகிற வழியில் சந்திக் கடையில் இறங்கி, 'பெடியன் எப்பிடி?' என்று விசாரிப்பார்கள். கடைக்காரர் என்ன சொன்னார் என்பது மாப்பிள்ளைக்குக் கடைசிவரை தெரியாது. சம்பந்தம் மட்டும் வராது.

ரகசியத்துக்கு ஐந்து நட்சத்திரம் விழுந்தால் அறையே கதிகலங்கும்.

"அண்ணை, அஞ்சு தந்திட்டான்."

"நல்லதுதானே, ஐசே."

"எப்பிடி நல்லது? வெளியிலை அஞ்சு எண்டால், உள்ளுக்கை ரகசியமா என்ன குத்தினானோ தெரியாதே!"

இந்த 'உள்ளுக்கை ரகசியமா' என்பதைத் தினமும் கேட்டுக் கேட்டுத் தாரணிதான் அந்தப் பட்டத்தைச் சூட்டினாள். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. கோயிலில் அர்ச்சனைக்கு மட்டும் அதைப் பாவித்தார்.

பயம் கொம்பியூட்டரோடு நிற்கவில்லை. ஒருமுறை நெஞ்சு இறுக்குகிறது என்று சாவகச்சேரியில் ஒரு டொக்டரிடம் போனார். டொக்டர் சோதித்துவிட்டு, 'உமக்கு ஒரு வருத்தமுமில்லை' என்று முதுகில் தட்டி அனுப்பினார். ரகசியம் திரும்பி வந்தபோது உடம்பில் ரத்தமில்லை.

"வாயாலை ஒண்டுமில்லை எண்டு சொன்ன மனிசன், பேப்பரிலை ஏனண்ணை அவ்வளவு நேரம் எழுதினவர்?"

மருந்துக் கடையில் காட்டி விசாரித்தோம். விற்றமின் குளிசை. "அது எனக்குக் காட்டுறதுக்கு எழுதினது. அவர் தனக்கெண்டு எழுதி வைச்சதை ஆர் கண்டது?" என்றார்.

வீட்டில் இன்னும் மோசம். மனைவி பிள்ளைகளின் உண்மையான அபிப்பிராயத்தை அறியவேண்டும் என்று ஒரு பிஸ்கட் தகரத்தின் மூடியில் துவாரம் வெட்டி, குசினி யன்னலில் வைத்தார். மனதில் உள்ளதை எழுதிப் போடலாம், பெயர் தேவையில்லை. போட்டார்கள். ஆனால் திறக்கப் போனவர் மூடியில் கை வைத்ததும் யோசித்தார். மதிப்பிடப்படுகிறவர் பார்க்கக்கூடாது என்பதுதானே தளத்தின் சட்டம் என்று அப்படியே வைத்துவிட்டார். கொஞ்ச நாளில் வீட்டுக்குக் கரண்ட் வெட்டப்பட்டது. அவர் மனைவி கரண்ட் பில்லையும் அதற்குள்ளேதான் மடித்துப் போட்டிருந்தா.

"இந்த மனிசனுக்குச் சொல்ல எனக்கிருந்த ஒரே அபிப்பிராயம் அதுதான்," என்று எங்களிடம் பிறகு சொன்னா.

சிரித்தேன். ஆனால் பயம் தும்மல் தடிமன் மாதிரி, பக்கத்து மேசைக்குத் தொற்றும். கிறைண்டர் கையேட்டுக்காரர் ஒருவர் எனக்கு 'நல்ல வேலை' என்று எழுதினார். முந்தின தடவை 'மிக நல்ல வேலை' என்று எழுதியவர் அவர். அந்த 'மிக' எங்கே போனது? அன்றிரவு சாப்பிடும்போதும் அதே யோசனை. என் மனைவி பரிமாறியபடி, "கறி எப்பிடி?" என்றா. "நல்லாயிருக்கு" என்றேன். "முந்தியெல்லாம் நல்ல வடிவாயிருக்கு எண்டுவியள்," என்றா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

இந்த நிலையில்தான் ரகசியத்தின் ஸ்கோர் உண்மையாகவே இறங்கத் தொடங்கியது. ஏனென்று தளம் சொல்லவில்லை. கேட்டு எழுதினால், 'உங்கள் முயற்சிக்கு நன்றி' என்று பதில் வந்தது. அந்த 'நன்றி'யைக் கண்டு அவர் இன்னும் கலங்கினார். தளம் கிழித்து வைத்திருக்கும் ஒரு கோட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் நின்றார். இன்னும் ஒரு கெட்ட சொல் உள்ளே விழுந்தால் கோட்டுக்குக் கீழே போய்விடுவார். கீழே போனவருடைய பக்கத்தை ஒருவருமே புரட்டிப் பார்க்காத கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். பிறகு ஓடர் இல்லை. அந்த வீட்டுக்கு வேறு வருமானமும் இல்லை.

அப்போது வந்தது கனடா ஓடர். கிறேஸ் என்ற பெயரில் ஒரு பெண்மணி, சைக்கிளோடு நிற்கும் தன் தகப்பனின் நிறம் வெளுத்த படத்தை அனுப்பியிருந்தா. பெயரை வைத்து வெள்ளைக்காரி என்றே நினைத்தோம். முகத்தின் ஒரு பக்கத்தைக் காதோடு சேர்த்துக் கறையான் சாப்பிட்டிருந்தது. ரகசியம் கன்னத்தை மீட்டார், மீசையை மீட்டார், சைக்கிள் கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டார். காதுக்கு எங்கே போவது? படத்தில் இருந்த மற்றக் காதுக்கு மேல் தொப்பி.

எங்கள் காதுகளைப் படம் பிடித்தார். தாரணியின் காது சின்னது. கடைசியில் என் காதை அந்த மனிதருக்குப் பொருத்தி அனுப்பினார். ஆங்கிலத்தில் பதில் வந்தது: 'காது பிழை. என் தகப்பனார் சுறுசுறுப்பானவர்.'

ஐம்பது வருடமாக இந்தக் காதுகளோடு நடமாடுகிறேன். ஒருவரும் இவ்வளவு துல்லியமாக என்னை மதிப்பிட்டதில்லை.

வேறு காது அனுப்பினார். பிழை. இன்னொன்று. அதுவும் பிழை. கடைசியில் தாரணிதான், "அந்த அன்ரியின்ரை காதையே கேளுங்கோவன், தகப்பன்ரை காது மகளுக்கு வராமல் ஆருக்கு வரும்?" என்றாள். ரகசியம் நடுங்கி நடுங்கிக் கேட்டு எழுதினார். படம் வந்தது. அந்தக் காதை எடுத்து, திருத்தி, வைத்து அனுப்பினார். பார்த்த எங்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த மனிதர் முழுதாக நின்றார். சைக்கிளில் ஏறிப் போய்விடுவார் போலிருந்தது.

அடுத்த நாள் மதியம் முடிவு வந்தது. மூன்று நட்சத்திரம். பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரே வரி, 'மோசமில்லை'.

ரகசியம் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "வெளியிலை மூண்டு எண்டால்..." என்று தொடங்கி, முடிக்காமல் கொம்பியூட்டரை நிற்பாட்டினார். கீழே போனார். வெங்காயக் கடைக்காரர் சோடா உடைத்துக் கொடுத்ததை வாங்காமலே பஸ் ஏறிவிட்டார்.

பிறகு அறைப் பக்கம் வரவில்லை. ஃபோன் எடுக்கவில்லை. தாரணியும் நானும் கொழும்புத்துறையில் அவர் வீட்டுக்குப் போனோம். மனிதர் விறாந்தையில் ஒரு கதிரையில், சவரம் செய்யாமல், கடலைப் பார்த்தபடி இருந்தார்.

"உவர் கொம்பியூட்டரை விக்கப் போறாராம்," என்றா மனைவி. "நண்டு வியாபாரம் செய்யப் போறாராம். நண்டைக் கண்டாலே ஓடுற மனிசன்."

"நண்டு கடிச்சாலும் முகத்துக்கு நேரை கடிக்கும், அண்ணை," என்றார் ரகசியம். "உள்ளுக்கை ஒண்டு வைச்சுக் கடிக்காது. நாளைக்குப் புது ஸ்கோர் வருது. நான் அதைப் பாக்க மாட்டன். அதுக்கு முதல் கணக்கை மூடப் போறன்."

அவர் சொன்னதைச் செய்துவிடுவார் என்று தெரிந்தது. மூடினால் இத்தனை வருட நட்சத்திரமும் போய்விடும். திரும்பவும் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் தொடங்கமாட்டார். சிரிப்புக் காட்டுவதே என் சுபாவம். அன்று ஒரு பகிடியும் வாயில் வரவில்லை. சும்மா எதையாவது கதைக்கவேண்டுமே என்று கேட்டேன்.

"அந்தக் காதிலை கடைசியா என்னண்ணை கஷ்டம்?"

பயத்தில் அவரை நான் 'அண்ணை' என்றதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"தோடுதான். ஆம்பிளைக்குத் தோடு இருக்கேலாதே. அதை அழிக்கத்தான் பெரும்பாடு."

"என்ன தோடு?"

"கல்லுத் தோடு. எட்டுக் கல்லு, வெள்ளை."

தாரணி எழும்பி நின்றாள். "அண்ணை! கனடா வெள்ளைக்காரி எட்டுக் கல்லுத் தோடு போடுவாளோ?"

"கிறேஸ் எண்டுதானே பேர்..."

"எங்கடை பக்கத்திலை சேர்ச்சுக்குப் போற வீடுகளிலை வீட்டுக்கொரு கிறேஸ் இருக்கு, ஐசே!" என்றேன் நான். "மோசமில்லை எண்டு இங்கிலிசிலை எழுதினது, எங்கடை 'பரவாயில்லை'! உவ எங்கடை ஆள்!"

ஆறுதல் சொன்னதாக நினைத்தேன். அவர் முகத்தில் மிச்சமிருந்த நிறமும் போய்விட்டது.

"எங்கடை ஆளோ? அப்ப முடிஞ்சுது. எங்கடை ஆக்கள் முகத்துக்கு நேரை சொல்லுறதிலும் பாக்க, முதுகுக்குப் பின்னாலை சொல்லுறது எவ்வளவு எண்டு உங்களுக்குத் தெரியாதோ!"

 எனக்குத் தெரியும்.

ஒரு நாள் மட்டும் பொறுக்கச் சொல்லி, அவர் மனைவியையும் துணைக்குச் சேர்த்து, அடுத்த நாள் அவரை அறைக்கு இழுத்து வந்தோம். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தாரணி அவருடைய கொம்பியூட்டரைத் திறந்தாள். அவர் மனைவி என் கதிரையின் முதுகைப் பிடித்திருந்தா. அந்தக் கதிரை நடுங்கியது. நடுங்கியது நானா அவவா என்று இன்றுவரை தெரியாது.

"கூடியிருக்கு," என்றாள் தாரணி.

திரையை இன்னொருமுறை பார்த்தாள்.

"அண்ணை, ஸ்கோர் ஏறியிருக்கு. கோட்டுக்கு நல்லா மேலை. ஒரு மெசேஜும் கிடக்கு. கிறேஸ் அன்ரி."

ரகசியம் திரும்பவில்லை. அவள் சத்தமாக வாசித்தாள். ஆங்கில எழுத்தில் எங்கள் தமிழ்.

'தம்பி, அம்மாவின்ரை படமும் ஒண்டு கிடக்கு, அதையும் நீங்கள்தான் செய்யவேணும். நாலு பேர் பாக்கிற இடத்திலை கூடப் புகழக்கூடாது, செய்யிற கைக்குக் கண்ணூறு நாவூறு பட்டிடும். அதுதான் வெளியிலை மூண்டோடை விட்டனான். உதையெல்லாம் நம்பக்கூடாது எண்டு எங்கடை பாஸ்டர் சொல்லுறவர்தான், எண்டாலும் பயம். பிறகு தனியக் கேட்டவங்கள். அதிலை மனம் விட்டு எல்லாம் எழுதியிருக்கிறன்.'

மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதா. தாரணி மூக்கை உறிஞ்சினாள். கீழே வெங்காயம் நிறைய இறக்கியிருந்தார்கள்.

ரகசியம் மெதுவாகத் திரும்பினார். மெசேஜைத் தானும் ஒருமுறை வாசித்தார். பிறகு என் பக்கம் குனிந்து கேட்டார்.

"எல்லாம் எண்டால், என்னண்ணை எழுதியிருப்பா? அந்த முதல் காதைப் பற்றியும் எழுதியிருப்பாவோ?"

இன்றைக்கும் அவர் பக்கத்து மேசைதான். அம்மாவின் படம் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் மாமா, சித்தி என்று வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வெளியில் மூன்று நட்சத்திரம். ஒவ்வொரு முறையும் மனிதர் வெளிறுகிறார், கதிரையைப் பிடிக்கிறார், நாங்கள் சோடா வாங்குகிறோம்.

நான் இந்தப் பத்திரிகையில் எழுதுவதை அவர் வாசிக்கிறவர். இதையும் வாசிப்பார். ஆள் எப்படியென்று நீங்கள் கேட்டால், நாலு பேர் பார்க்கிற இடம் இது, ரகசியம் பரவாயில்லாத மனிதர் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.