ஆகாதும் அவன் எழுதிய முக்கால் பக்கமும்

அரசாங்க ஆபீஸ்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், திண்டுக்கல் டவுனில் 'ஆகாது' என்று எழுதுவதற்கே மாதச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் அவன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆதார் கார்டுக்கு வெளியே அது புழங்கவில்லை. எங்களுக்கு அவன் ஆகாது.

நாகல் நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் கம்பெனி. ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிகளின் எடைச்சீட்டு ஓடுகிற பன்னிரண்டு சர்வர்களைக் காவல் காப்பது தொழில். முன்பு ஆட்களாகிய நாங்கள் முறைவைத்துக் காத்தோம். பிறகு முதலாளி ஒரு ஏஐ ஏஜெண்டைக் காவலுக்கு வைத்தார். ஏதாவது ஒரு சர்வர் திணறினால், கொடுத்திருக்கிற டூல்களில், அதாவது தனித்தனி வேலைக்கான சின்ன புரோகிராம்களில், பொருத்தமானதை எடுத்து அதுவே வைத்தியம் பார்க்கும். எந்த டூல் எதற்கு என்று நாம் எழுதி வைத்திருப்பதைப் படித்துத்தான் எடுக்கும். அந்த விளக்கம் எழுதுவதுதான் எனக்கும் ஆகாதுக்கும் வேலை.

நான் எழுதுவது ஒரே வரி. 'சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பும்.' தீர்ந்தது, டீக்கடைக்குப் போய்விடுவேன். அதே டூலுக்கு ஆகாது முக்கால் பக்கம் எழுதுவான். என்ன செய்யும், எப்போது எடுக்கலாம், எடுத்தால் என்ன பதில் வரும். அதோடு விட்டானா? கடைசியில் ஒரு ஒப்பாரி. டிஸ்க் நிரம்பியிருந்தால் இது ஆகாது. எடை போடும் நேரத்தில் ஆகாது. ஒரே சமயத்தில் இரண்டு சர்வருக்கு ஆகாது.

"ஏன்டா, அதுக்குத்தான் அம்புட்டு அறிவு இருக்குல்ல? புரிஞ்சுக்காதா?" என்று கேட்டேன்.

"அறிவு இருக்குண்ணே. மண்டி எத்தனை மணிக்குக் கூடும்னு அதுக்கு யாரு சொன்னா? அது என்ன ஒட்டன்சத்திரத்துலயா பொறந்துச்சு?"

என்னைவிட இரண்டு வயது இளையவன், எனக்குப் பதில் சொல்கிற லட்சணம் அப்படி.

இந்த வியாதி ஆபீஸோடு நிற்கவில்லை. அய்யலூர் சந்தைக்கு அவன் மாமா ஒரு கிடாயை விற்கப் போனார். கூட இவனும் போனான், வேடிக்கை பார்க்க நானும் போனேன். வியாபாரி கிடாயின் முதுகைத் தடவிப் பார்த்தார். துண்டுக்கடியில் கைபிடித்துப் பேசிய விலையும் ஏறக்குறைய படிந்துவிட்டது. அப்போது ஆகாது வாயைத் திறந்தான். "இது கயிறு இல்லாம நிக்காது. மழை பேஞ்சா ரெண்டு நாளைக்குத் தீனி எடுக்காது. வளக்குறதுக்கு ஆகாது, கறிக்குன்னா வாங்குங்க." வியாபாரி கையை உருவிக்கொண்டு போய்விட்டார். மாமா கிடாயை விட்டுவிட்டு இவனைத் துரத்தினார்.

பெண் பார்க்கப் போன இடங்களிலும் இதே கதைதான். தட்டை வாங்கிக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்துவிடுவான். "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க. கோவம் வந்தா ரெண்டு நாள் பேச மாட்டேன், அப்ப எது கேட்டாலும் பதில் வராது." மூன்று வீட்டில் கேசரியோடு திரும்பினோம். நாலாவது வீட்டில், ஆயக்குடியில், பெண் சரி என்றுவிட்டாள். அவளுக்கும் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன்.

கல்யாணம் முடிந்து ஆயுத பூஜை வந்தது. ஆகாது மாமியார் வீட்டுக்கு லீவு போட்டிருந்தான். முதலாளி கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனம் வைத்து, டூல் விளக்கங்களையும் அச்செடுத்துச் சாமி முன்னால் அடுக்கினார். அடுக்கும்போது படித்துத் தொலைத்தார்.

"ஏனுங்க, சாமிக்கு வெக்கற காயிதம் பூரா ஆகாது ஆகாதுன்னே இருக்குதுங்களே? தொழிலு வெளங்குமாங்க? அதையெல்லாம் எடுத்துப்போட்டுருங்க."

எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. பத்தே நிமிடத்தில் அத்தனை ஆகாதையும் அறுத்து எறிந்தேன். கை சும்மா இருக்கவில்லை. சர்வரை எழுப்புகிற டூலுக்கு, 'மிக வேகமானது, சகல கோளாறுக்கும் கைகண்டது' என்று மங்களமாக ஒரு வரியும் சேர்த்தேன்.

பூஜை விடுமுறை முடிந்து மண்டி கூடிய காலை. இரண்டு சர்வர்கள் லேசாகத் திணறின. ஏஜெண்ட் கைகண்ட மருந்தை எடுத்துப் பன்னிரண்டுக்கும் ஒரே மூச்சில் புகட்டியது. எடைச்சீட்டு நின்றது. எழுந்த சர்வர்கள் மீது காத்திருந்த எடைகள் மொத்தமும் ஒரே நேரத்தில் விழ, அவை மறுபடி திணறின. அது மறுபடி புகட்டியது. வெயிலில் தக்காளி லாரிகள். என் கையில் அடித்துக்கொண்டே இருந்த போன். எதை நிறுத்துவது என்றே தெரியவில்லை.

ஆகாது பஸ்ஸிலிருந்து இறங்கிய பையோடு உள்ளே வந்தான். ஏஜெண்டிடமிருந்து டூல்களைப் பிடுங்கினான். சர்வர்களை ஒவ்வொன்றாக எழுப்பினான். மதியத்துக்குள் தராசு ஓடியது.

"தப்புப் பண்ணுனவர வெச்சிருந்தா வேற எடம் பாத்துக்கறோம்னு மண்டிக்காரரு சொல்லிப்போட்டாருங்க. இத எழுதுனது யாருங்க?" என்றார் முதலாளி, அந்த டூலின் விளக்கத் தாளை நீட்டி. தாளின் அடியில் இருந்தது ஆகாதின் பெயர். வேலை போனால் கோயம்புத்தூரில் போய் யார் வாசலில் நிற்பது? நான் வாயைத் திறக்கவில்லை. அதை இப்போது எழுதவும் கூசுகிறது.

ஆகாது தாளைப் படித்தான். "வெட்டச் சொன்னது நீங்க. வெட்டுனதும் இந்த வரியச் சேத்ததும் அண்ணே. ஆனா நானும் ஆகாதுன்னுதான் எழுதுனேன், ஏன் ஆகாதுன்னு எழுதல. எழுதியிருந்தா படிக்கிற மனுசன் யாரும் வெட்டியிருக்க மாட்டான். மூணு பேரு தப்பு."

மூவரில் ஒருவராகத் தன்னையே நீக்கிக்கொள்ள முதலாளிக்கு மனம் வரவில்லை. மண்டிக்காரரிடம் அவரே நேரில் போய் மன்னிப்புக் கேட்டு வந்தார்.

மாடிப்படியில் அவனைப் பிடித்தேன். "என்னைய மாட்டிவிட்டது சரி. உன் தப்ப எதுக்குடா சொன்ன? யாரும் கேக்கலையே?"

"பாதி சொன்னா நீங்க மட்டும்தாண்ணே வெளிய போவீங்க" என்றான், ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல.

இப்போது அந்தக் கிறுக்கன் ஆயக்குடியில் மாமியார் வீட்டுக் கொய்யாத் தோப்பில் உட்கார்ந்து அங்கிருந்தே வேலை பார்க்கிறான். ஆபீஸில் இட நெருக்கடி, புது ஆட்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். என் பக்கத்து நாற்காலியில் மட்டும் இதுவரை நான் ஒருவரையும் உட்கார விடவில்லை.