மாறாத ஏட்டுக்கு ஒரு வெல்வெட் உறை

டயர் கடைக்கு மேலே இருந்த வாடகைக் கூடத்தில் நிற்க இடமில்லை. படிக்கட்டு முழுக்கச் செருப்பு. வாசலில் பெரிய பலகை: "ஆயிரம் ஆண்டுப் பழமை! ஓர் எழுத்தும் மாறாத புனிதத் தோல் ஏடுகள்!" அதற்குக் கீழே பொடி எழுத்தில், "காணிக்கை முன்கூட்டியே."

ஏடுகளுக்குச் சொந்தக்காரரைச் சுவடியார் என்றார்கள். தோலில் இருந்த கோடுகளையும் சுழிகளையும் உலகத்திலேயே அவர் ஒருவரால்தான் படிக்க முடியும். இது அவருக்கு எவ்வளவு வசதி என்று யாரும் யோசிக்கவில்லை. வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் கைவிட்டு ஓர் ஏட்டை எடுக்க வேண்டும். சிவப்புத் துணி உறையிலிருந்து அதை உருவி அவர் வாசிப்பார். அவரவர் விதி அவரவர் கைக்கு வருமாம்.

கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும் கேட்டார்: "எழுத்து மாறலைன்னு எப்படிங்க தெரியும்?"

"மூல ஏட்டுல இருக்கிறது அப்படியே இதுல இருக்கு."

"மூல ஏடு எங்கே இருக்கு?"

"அது எப்பவோ எரிஞ்சு போச்சு."

கண்ணாடிக்காரர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வரிசையில் போய் நின்றார்.

அதே வரிசையில்தான் தையல்காரியும் அவள் புருஷனும் நின்றார்கள். அவர் சலூன்காரர். கழுத்தில் கட்டி. அறுத்து எடுத்துவிடலாம், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி டாக்டர் தேதியும் கொடுத்திருந்தார். ஊரார் கழுத்திலெல்லாம் கத்தி வைத்துப் பிழைக்கிற மனுஷனுக்கு, தன் கழுத்தில் கத்தி என்றதும் உள்ளங்கால் வேர்த்துவிட்டது.

அவர் எடுத்த ஏட்டைச் சுவடியார் வாசித்தார்: "கழுத்திலே கனம் கொண்டவனே! இரும்பு உன்னைத் தீண்டாதிருக்கட்டும். எண்ணெய் தடவு, கட்டி கரையும்." கட்டி எல்லோர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிந்தது. இருந்தாலும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறதே என்று கூட்டம் உருகியது. எண்ணெய் பக்கத்து மேஜையிலேயே விற்பனைக்கு இருந்தது.

"ஆபரேஷன் வேண்டாம்னு எழுதியே இருக்கு. இனிமே அந்தப் பேச்சை எடுக்காதே" என்றார் சலூன்காரர், வீட்டுக்கு வந்ததும்.

அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், பட்டினி கிடந்தாள். அவர் எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார். ஒருநாள், அவள் அளவெடுத்துத் தைத்த சட்டையிலேயே அவரால் காலர் பட்டனைப் போட முடியவில்லை. இந்த மனுஷன் என் கண் முன்னாலேயே செத்துப்போவான் போலிருக்கிறதே என்று அவள் நினைத்தாள். அழுது தீர்த்துவிட்டு, துணிப் பெட்டியைத் திறந்து ஒரு வெல்வெட் துண்டை எடுத்தாள்.

மறுநாள் புருஷனையும் கூட்டிக்கொண்டு சுவடியாரிடம் போய்ப் பணிவாகச் சொன்னாள்: "ஐயா, என் வீட்டுக்காரருக்கு வழிகாட்டின ஏட்டுக்கு நானே வெல்வெட்ல உறை தைச்சுப் போடுறேன்னு வேண்டிக்கிட்டேன்."

சுவடியாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அன்று சலூன்காரர் எடுத்தது கறை படிந்த ஏடு. அவளே தேடி எடுத்தாள், புருஷனும் பார்த்து "இதேதான்" என்றார். உறை அங்கேயே ஏறியது. மற்ற உறைகள் எல்லாம் சொரசொர பருத்தி. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் இது ஒன்று தனியாகத் தெரியும்.

அடுத்த கூட்டத்துக்குள் சுவடியார் எத்தனையோ பேர் விதியை வாசித்திருந்தார். எந்த ஏட்டில் என்ன வாசித்தோம் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. அன்றைக்கு அவள் தன் நாத்தனாரையும் கூட்டிவந்திருந்தாள். "மெத்துன்னு எது கையில படுதோ அதை எடு" என்று காதில் சொல்லி அனுப்பினாள்.

நாத்தனாரின் கவலை, பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை கிடைக்குமா என்பது. அதைச் சொல்லிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு பெட்டிக்குள் துழாவி வெல்வெட்டை எடுத்துக் கொடுத்தாள். சுவடியார் தோலை விரலால் வருடி வாசித்தார்: "தாயே! உன் மகன் மேற்கே கடல் கடப்பான்."

கூட்டத்தின் நடுவிலிருந்து சலூன்காரர் எழுந்தார். அவர் இன்னும் முழு பக்தர்தான். அதனால்தான் பதறிவிட்டார்.

"ஐயா, அது என் ஏடு! அதுல என் கட்டி இருந்துச்சே, எங்கே போச்சு?"

சுவடியார் சிரித்தார். "ஏடு ஆளுக்கு ஏத்த மாதிரி பேசும்."

"அப்ப எழுத்து மாறுமா?" என்று கேட்டாள் தையல்காரி. "வெளியே பலகையில மாறாதுன்னு போட்டிருக்கீங்களே?"

"எழுத்து மாறாதும்மா."

"சரிங்க. ஆளும் மாறலை. இப்ப வாசிச்சதையே இன்னொரு தரம் வாசிங்க."

சுவடியார் ஏட்டை வெகுநேரம் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். "உன் மகன்... கிழக்கே..."

"மேற்குன்னீங்களேய்யா!" என்று நாத்தனார் கத்தினாள்.

"ஏடு களைச்சுப்போச்சு" என்றார் சுவடியார். எண்ணெய் வாங்கினவர்கள் காசைத் திருப்பிக் கேட்டு மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஏட்டைவிட அவர்தான் அதிகம் களைத்துப் பின்வாசல் வழியாகப் போனார்.

சலூன்காரர் படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பை மாட்டினார். மனைவியை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"டாக்டர் மறுபடியும் தேதி கொடுப்பாரா?"

"கேட்டுட்டேன். நாளைக்கே வரச் சொன்னார்."

"கத்தியை நல்லாத் தீட்டி வைக்கச் சொல்லு" என்றார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கட்டி போய்விட்டது, காலர் பட்டன் இப்போது சுலபமாக மாட்டுகிறது. டயர் கடைக்கு மேலே புதுப் பலகை தொங்குகிறது: "ஆளுக்கு ஆள் தானே மாறும் அதிசய ஏடு!" வரிசை முன்பைவிட நீளம். முன்னால் நிற்பவர் கண்ணாடிக்காரர். ஆயிரம் வருஷமாக மாறாதது என்று யாராவது நீட்டினால், ஐயா, அம்மா, கும்பிடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை திருப்பி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். அதற்குக் காணிக்கை கிடையாது, மூளை மட்டும் போதும்.