தாழ்ந்த கிண்ணம்

“மார்ச் 12, வியாழன். ஜப்பானிய உபசரிப்பு முறை படிக்கும் மாலை வகுப்பில் சின்னப் பிழை விட்டேன். என் கிண்ணத்தை நானே நிரப்பிவிட்டேன். ஜப்பானிய பாரில் அடுத்தவரின் கிண்ணத்தைத்தான் நிரப்பவேண்டும்.”

நாட்குறிப்பில் இப்படி எழுதிய மறுநாள் மாலை றம்யா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த புதிய ஜப்பானிய பாருக்குப் போனாள். பாரின் முதலாளி கியாரா போனில் சொல்லியிருந்தாள்: “ஒசாகாவில் இருந்த நண்பர் ஒருவர் வருவார். அங்குள்ள முறைப்படி கவனி. அவருக்குப் பிடித்தால் வேலை உனக்கு.”

வேலை இல்லாவிட்டால் இத்தாலியில் தங்குவதற்கான பெர்மெசோவைப் புதுப்பிக்க முடியாது.

உள்ளே கோட் போட்ட ஒருவர் நின்றார். றம்யா குனிந்து வணங்கினாள். அவர் இன்னும் குனிந்தார்.

“இருங்கோ ஐயா,” என்று இத்தாலியனில் சொல்லிக் கதிரையை இழுத்தாள்.

“நீங்கள் முதல் இருங்கோ, சினியோரா.”

விருந்தாளியின் சொல்லைத் தட்டலாமா? இருந்தாள்.

அவருக்குச் சாக்கே என்ற அரிசி மதுவை ஊற்றினாள். அவர் போத்தலை வாங்கி அவளுக்கு ஊற்றினார். மது தொடாத தவக்காலம்தான்; ஆனாலும் மிச்சம் வைத்தால் மரியாதையில்லை என்று குடித்தாள். வெறும் கிண்ணத்தைக் கண்டதும் அவர் திரும்ப நிரப்பினார். மரியாதை தொடர்ந்தது. றம்யாவுக்குச் சுவர் லேசாக ஆடியது.

கிண்ணங்களை முட்டும்போது சிறியவரின் கிண்ணம் கீழே இருக்கவேண்டும் என்ற பாடம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உடனே தாழ்த்தினாள். அவர் அதற்கும் கீழே தாழ்த்தினார்.

சோதிக்கிறார் என்று நினைத்து அவள் கதிரையைவிட்டு இறங்கினாள். அவர் முழங்காலில் நின்றார்.

“நீங்கள்தான் பெரியவர், ஐயா!”

“ஐயோ, நீங்கள்தான்!”

இருவரும் மேசைக்குக் கீழே போய், கிண்ணங்களைத் தரையில் வைத்து முட்டினார்கள்.

சமையல்காரர் அருளையா அவித்த சோயாக் காயோடு வந்தார்.

“பிள்ளை, உதுக்குள்ளை என்ன செய்யிறாய்?”

“மெல்லக் கதையுங்கோ அண்ணை! விருந்தாளி இருக்கிறார்.”

அருளையா குனிந்து பார்த்தார்.

“ஆர், இவரோ? இவர் தேவென். இந்த வேலைக்கு வந்த மற்ற ஆள். விருந்தாளி நாளைக்குத்தான் வாறாராம். கியாரா இப்பதான் போன் எடுத்தவ.”

“மார்ச் 13, வெள்ளி. நாளைய வேலை: குனியுமுன் பெயரைக் கேட்பது.”